மூளைக் கட்டியும் தம்பி மகளின் வரனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோவில்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளிகளில் முப்பத்தொரு வருஷம் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் தங்கள் நாளிதழ்தான். இதுவரை தங்களுக்கு இரண்டே கடிதங்கள் எழுதியிருக்கிறேன். ஒன்று எரியாத தெருவிளக்கைப் பற்றி, இன்னொன்று பத்து நாளுக்கு ஒருமுறை வரும் தண்ணீரைப் பற்றி. இரண்டையும் போட்டீர்கள். (விளக்கு எரிந்தது. தண்ணீர் அதன் இஷ்டப்படிதான் வந்தது.) இது மூன்றாவது, கொஞ்சம் நீளம். இடம் போதாவிட்டால் நடுவில் வரும் எலிக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், எண்களில் கை வைக்காதீர்கள்.

போன மாதம் தங்கள் அறிவியல் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. 'மரபணு மாற்றம் இருந்தால் மூளைப் புற்றுநோய் அபாயம் ஆறு மடங்கு' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. சிவப்புப் பேனா பிடித்துப் பழகிய கண்ணால்தான் படித்தேன். சுழிக்க ஒரு வரிகூட அகப்படவில்லை. ஆனாலும் முழு மதிப்பெண் போட மனசு வரவில்லை. சொன்னதெல்லாம் சரி, சொல்லாமல் விட்டதுதான் எங்கள் வீட்டு வாசலில் வந்து விழுந்தது.

என் தம்பி 2019 பிப்ரவரியில் மூளைக் கட்டியால் இறந்தான். தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். 2013இல், முப்பத்தாறு வயதில், டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது இடது கை தானாக இழுத்தது. கிளாஸ் விழுந்தது, அடுத்து அவன் விழுந்தான். யாரோ ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்திருக்கிறார். அதற்கு முன்னால் ஒரு தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் வலது பக்க முன்மூளையில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி. அஸ்ட்ரோசைட்டோமா என்ற வகை, மெதுவாக வளரும் இரண்டாம் நிலை என்றார்கள். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஐந்து வருஷம் ஓரளவு நல்லபடியாகவே ஓடியது. வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மகளைக் கையைப் பிடித்து நடத்தியே பள்ளிக்கூடம் கூட்டிப் போவான். 2018இல் கட்டி திரும்பி வந்தது.

அந்த ஆறு வருஷத்தில் ஊர் சொல்லாத காரணம் இல்லை. இரண்டு செல்போன் வைத்திருந்ததால் வந்தது என்றார்கள். தீப்பெட்டி மருந்து வாசம் என்றார்கள். பங்காளி யாரோ வைத்துவிட்டார்கள் என்றும் ஒரு பேச்சு. செல்போன் விஷயத்தில் 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவே 'இருக்கலாம்' என்ற பட்டியலில் அதைச் சேர்த்தது உண்மை. ஆனால் அந்த நிறுவனம் கேட்டு வாங்கி 2024இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பில் தொடர்பு எதுவும் தெரியவில்லை என்று வந்துவிட்டது. அதைத் தம்பி மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப அந்தப் போனை இனிமே தூக்கிப் போட வேண்டியதில்லையா அண்ணி?" என்று கேட்டாள். பீரோவில் இன்னும் வைத்திருக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தம்பி மகளுக்கு இருபத்து மூன்று வயது. பி.காம். முடித்து ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தூத்துக்குடியில் வேலை பார்க்கும் பையன் ஒருவன், ஜாதகம் பொருந்தி, பூ வைப்பதற்கு நாள் குறிக்கும் வரை வந்தது. அப்பா எப்படி இறந்தார் என்பதை நாங்கள் மறைக்கவில்லை. கேட்டபோது மருத்துவமனைக் காகிதங்கள் இருந்த பையையே எடுத்துக் கொடுத்தோம், ஒளிக்க ஒன்றுமில்லை என்ற நினைப்பில். இரண்டு வாரம் கழித்துத் தரகர் போன் செய்தார். பையனின் பெரியப்பா ஒரு கையில் தங்கள் கட்டுரையையும் மறுகையில் தம்பியின் திசுப் பரிசோதனை அறிக்கையையும் வைத்துக்கொண்டு, "பேப்பர்ல போட்டிருக்கிற அதே மியூட்டேஷன் இவங்க வீட்டுல இருக்கு பாருங்க" என்றாராம். அறிக்கையில் 'ஐ.டி.எச்.1 மியூட்டன்ட்' (ஐ.டி.எச்.1 என்ற மரபணு மாறியிருக்கிறது) என்று இருந்தது. அந்த ஒரு சொல் போதும் அவருக்கு. சம்பந்தம் முறிந்தது.

பள்ளிக்கூடத்தில் இந்தக் குழப்பத்தை எப்படித் தீர்ப்பேன் என்று சொல்கிறேன். பக்கத்தில் சிவகாசியில் லட்சக்கணக்கில் காலண்டர் அடிக்கிறார்கள். அச்சுத் தகட்டிலேயே ஒரு தேதி தப்பாக இருந்தால் அடித்த காலண்டர் எல்லாவற்றிலும் அதே தப்பு இருக்கும். அப்படியில்லாமல், ஒரு வீட்டுச் சுவரில் மாட்டிய காலண்டரில் எண்ணெய்க் கை பட்டு ஒரு தேதி அழிந்துபோனால் அது அந்தக் காலண்டரோடு சரி. அப்பா அம்மாவிடமிருந்து கருவிலேயே வரும் மாறுபாடு தகட்டுப் பிழை. உடம்பின் எல்லாச் செல்லிலும் இருக்கும், பிள்ளைக்கும் போகலாம். ஐ.டி.எச். மாற்றம் என்பது எண்ணெய்க் கை. பிறந்து எத்தனையோ வருஷம் கழித்து மூளையில் ஒரே ஒரு செல்லில் நடந்து, அந்தச் செல் பெருகிப் பெருகிக் கட்டியானது. தம்பியின் ரத்தத்தில் தேடினால் கிடைக்காது, மகளுக்கும் போகாது. மூளைக் கட்டிகளில் இந்த மாற்றம் இருப்பதை அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2008இல் கண்டுபிடித்தார்கள். அறிக்கையில் அதைக் குறிப்பதே, எந்த வகைக் கட்டி, எவ்வளவு வேகமாக வளரும், எந்த மருந்து கேட்கும் என்று பார்ப்பதற்குத்தான். இந்த மாற்றம் உள்ள இரண்டாம் நிலைக் கட்டிகளுக்கென்றே வோராசிடெனிப் என்று ஒரு மாத்திரைக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தம்பி போய் ஐந்தரை வருஷம் கழித்து. சரி, அதை விடுங்கள்.

இரண்டுக்கும் தமிழில் 'மரபணு மாற்றம்' என்றுதான் எழுதுகிறோம். பி.டி. கத்திரிக்காய்க்கும் அதே சொல். பெரியப்பா குழம்பியதில் என்ன ஆச்சரியம்?

இங்கேயே நிறுத்திவிட்டால் வாதத்தில் நான் ஜெயித்துவிடுவேன். ஆனால் அது முழு உண்மை ஆகாது. தாங்கள் போட்ட கட்டுரை ஐ.டி.எச். மாற்றத்தைப் பற்றியதே இல்லை, தகட்டுப் பிழையைப் பற்றியதுதான். அந்தத் தகட்டுப் பிழை எந்த வகைக் கட்டிக்கு ஆறு மடங்கு ஆபத்து தருகிறது என்று பார்த்தால், சரியாக ஐ.டி.எச். மாற்றம் உள்ள கட்டிக்குத்தான். அதாவது பெரியப்பா தப்பான வழியில் போய் சரியான தெருவில் நிற்கிறார். என்னிடம் பிளஸ் டூ படித்த ஒருத்தி இப்போது பெங்களூரில் ஆய்வு மாணவியாக இருக்கிறாள். "டீச்சர், நீங்களே படிச்சுப் பாருங்க" என்று மூலக் கட்டுரைகளை அனுப்பிவைத்தாள். ஒரு மாதம் அதோடுதான் மல்லுக்கட்டினேன்.

2009இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் இரண்டு குழுக்களின் ஆய்வுகள் ஒரே சமயத்தில் வந்தன. க்ளையோமா எனும் வகை மூளைக் கட்டி (தம்பிக்கு வந்த அஸ்ட்ரோசைட்டோமாவும் இதில் அடக்கம்) வந்தவர்களின் மரபணுத் தொகுதியையும் வராதவர்களின் தொகுதியையும் லட்சக்கணக்கான இடங்களில் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தவை அவை. (டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்தில் எழுதிய பாடம்.) 5, 8, 9, 11, 20ஆம் குரோமோசோம்களில் ஒவ்வோர் இடம் கண்ணில் பட்டது. 2017இல் 12,496 நோயாளிகளையும் 18,190 மற்றவர்களையும் வைத்து வந்த ஆய்வு இன்னும் 13 இடங்களைச் சேர்த்தது. இப்போது கணக்கு இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இவற்றில் பெரும்பாலானவை ஆபத்தை ஒன்றரை மடங்குக்குள் கூட்டுபவை. நோய் வராதவர்களிலும் ஏராளமானோர் சுமந்துகொண்டு திரிபவை.

ஆறு மடங்கு என்று தாங்கள் போட்டது 8ஆம் குரோமோசோமில் இருக்கும் ஒற்றை எழுத்து. 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி'. மின்னசோட்டாவில் உள்ள மேயோ க்ளினிக்கும் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2012இல் அதை அடையாளம் காட்டின. வேடிக்கை என்னவென்றால், அது எந்தப் புரதத்துக்கும் குறிப்பு எழுதியிருக்கும் இடமே இல்லை. நான் வகுப்பில் 'வெற்று டி.என்.ஏ.' என்று சொல்லித் தாண்டிப்போன பகுதி. அங்கே ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பது பத்து வருஷம் புரியாமலே கிடந்தது. 2022இல் டொரண்டோவைச் சேர்ந்த குழு மேயோவுடன் சேர்ந்து சயன்ஸ் இதழில் விடை சொன்னது. அந்த இடம் மூளையில் மட்டும் வேலை செய்யும் ஒரு சுவிட்ச். எழுத்து மாறினால், சுவிட்சை அடக்கி வைக்கும் புரதம் அங்கே சரியாக ஒட்டுவதில்லை. அதனால் செல்லை வளரச் சொல்லித் தள்ளும் 'மிக்' என்ற மரபணு கொஞ்சம் கூடுதலாக எரிகிறது.

எலிக் கதை இதுதான். ஐ.டி.எச். மாற்றம் வைத்த எலிகளுக்குக் கட்டி வர 472 நாள் ஆனது, நூறில் முப்பதுக்குத்தான் வந்தது. அதோடு இந்தச் சுவிட்சையும் கெடுத்தபோது 172 நாளில் வந்தது, நூறில் எழுபத்தைந்துக்கு வந்தது. பயப்பட வேண்டிய எண்தான். ஆனால் எண்ணெய்க் கையைச் சோதனைக்கூடத்திலேயே வைத்துவிட்ட எலிகள் அவை. மனிதர்களில் அந்த இரண்டாவது விபத்து தானாக நடக்க வேண்டும், அது மிக மிக அரிது.

எத்தனை அரிது? இங்கேதான் தாங்கள் பாதியில் விட்டீர்கள். மூளைப் புற்றுநோய் வாழ்நாளில் நூறு பேரில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. அதிலும் ஐ.டி.எச். மாற்றம் உள்ள வகை, கணக்கு நன்றாக வைத்திருக்கும் அமெரிக்காவிலேயே, ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவர் என்ற அளவுதான். ஒன்றை ஆறால் பெருக்கினால் ஆறு. லட்சம் பேரில் ஆறு. மீதி 99,994 பேருக்கு அந்த வருஷம் ஒன்றும் ஆகப்போவதில்லை.

எங்கள் வீட்டுக் கணக்கையும் போட்டேன். இப்படிப்பட்ட கட்டி வந்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேரிடம் அந்த 'ஜி' இருக்கிறது என்று அந்த 2022 ஆய்வு சொல்கிறது. அப்படியானால் தம்பியிடம் இருந்திருக்க நூறில் நாற்பது வாய்ப்பு. ஒரு பிரதி இருந்திருந்தால் மகளுக்குப் போக அதில் பாதி. ஆக நூறில் இருபது. எண்பது வாய்ப்பு அப்பாவிடமிருந்து அவளுக்கு அது வரவே இல்லை. அந்த இருபதுக்குள் விழுந்தாலும் லட்சத்தில் ஆறு. நம் நாட்டில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் சாலை விபத்தில் சாகிறார்கள், லட்சத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் வருகிறது. அந்தப் பையன் தினமும் புல்லட்டில் ஹெல்மெட் இல்லாமல் தூத்துக்குடி போய் வருகிறான். எங்கள் வீட்டில் யாரும் அதைக் காரணம் காட்டிச் சம்பந்தத்தை முறிக்கவில்லை.

இதில் என் பங்குத் தப்பும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் மெண்டலின் பட்டாணியைத்தான் நடத்தினேன். நெட்டை, குட்டை. உருண்டை, சுருக்கம். ஒரு காரணி இருந்தால் நெட்டை, இல்லாவிட்டால் குட்டை. மூன்றுக்கு ஒன்று விகிதம், பரீட்சைக்கு நிச்சயம் வரும் கேள்வி. 'மரபணு இருக்கிறது என்றால் நோய் வந்தே தீரும்' என்று நினைக்கும் ஒரு தலைமுறையை என்னைப் போன்றவர்கள்தான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து அனுப்பினோம். சின்னச் சின்ன மாறுபாடுகள் ஒன்றரை மடங்கு, ஒன்றேகால் மடங்கு என்று தராசில் கடுகாக விழுவதைப் பாடத்தில் எங்கும் வைக்கவில்லை.

பட்டாணிபோல நடந்துகொள்ளும் குடும்பங்களும் உண்டு என்பதால்தான் விஷயம் இன்னும் சிக்கல். அமெரிக்க மருத்துவர்கள் ஃபிரெடரிக் லீ, ஜோசப் ஃப்ராமெனி இருவரும் 1969இல் சில குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். ஒரே குடும்பத்தில் குழந்தைக்குத் தசைப் புற்று, இளம் வயதுத் தாய்க்கு மார்பகப் புற்று, இன்னொருவருக்கு மூளையில் அல்லது ரத்தத்தில். 1990இல்தான் காரணம் தெரிந்தது, டிபி53 என்ற காவல் மரபணுவில் தகட்டுப் பிழை. பிள்ளைகளுக்குப் போகும் வாய்ப்பு சரிபாதி. அதை வாங்கிக்கொண்டவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு புற்றுநோய் வருகிறது. இது கடுகு இல்லை, படிக்கல். இதுபோல என்.எஃப்.1, என்.எஃப்.2 என்ற மரபணுக்களின் தகட்டுப் பிழைகள், இன்னும் சில. தாங்கள் போட்ட 'ஆறு மடங்கு' இந்த ரகத்தைச் சேர்ந்தது இல்லை. மூளைக் கட்டி வந்தவர்களில் குடும்பத்தில் இன்னொருவருக்கும் வந்திருப்பது நூறில் ஐந்து பேருக்குத்தான்.

என் வகுப்பில் இருந்த ஒரு பெண்ணின் குடும்பம் நினைவுக்கு வருகிறது. அம்மா முப்பது வயதுக்குள் மார்பகப் புற்றில் போனாள். தம்பி நாலு வயதில் காலில் கட்டி வந்து போனான். தாய்மாமனுக்குத் தலையில். குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதால் சாபம் என்றார்கள், இரண்டு கிடா வெட்டினார்கள். மூன்று தலைமுறைக்கு வம்சவரிசை எழுதி வாங்கி, மரபணு ஆலோசனைக்கு அனுப்பியிருக்க வேண்டிய குடும்பம் அது. அனுப்புவதற்குத் தெரிந்திருக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி. டிபி53 கோளாறு உள்ளவர்களை வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ. வைத்துக் கண்காணித்தால் கட்டி சின்னதாக இருக்கும்போதே கிடைக்கிறது, அப்படிப் பார்க்கப்பட்டவர்கள் கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்று டொரண்டோ குழந்தைகள் மருத்துவமனைக்காரர்கள் காட்டியிருக்கிறார்கள். கதிர்வீச்சைக் கூடிய வரை தவிர்ப்பார்கள். தெரிந்துகொண்டால் செய்வதற்கு ஏதாவது இருக்கிறது. என் மருமகள் விஷயத்தில் அந்த ஒரு எழுத்தைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? லட்சத்தில் ஆறுக்காக வருஷா வருஷம் ஸ்கேனுக்குள் போய்ப் படுத்துக்கொள்வதா?

முறைக்கு அவள் எனக்கு மருமகள்தான். வரன் முறிந்ததும் "உன் மகனுக்கே கட்டிக்கொள்ளேன்" என்று எளிதாகச் சொல்லிவிட்டார்கள். என் அம்மாவே தாய்மாமனைக் கட்டியவள். சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தான் தம்பிக்கு இப்படி ஆனதோ என்று எனக்கே ஒரு உறுத்தல் இருந்தது, மதுரை டாக்டரிடம் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒரே கெட்ட பிரதி வந்து சேரும்போது வரும் ஒரு கோளாறு உண்டு. டி.என்.ஏ.வில் எழுத்துப் பிழை திருத்தும் மரபணுக்கள் நான்கு இருக்கின்றன, அவற்றில் ஒன்றின் இரண்டு பிரதியும் பழுதானால் குழந்தைப் பருவத்திலேயே மூளையில், குடலில், ரத்தத்தில் புற்று வரும். தோலில் பால் காப்பி நிறத்தில் தேமல்போலப் புள்ளிகள் இருக்கும். சொந்தத்தில் கல்யாணம் நடக்கும் குடும்பங்களில்தான் இதைக் கூடுதலாகப் பார்க்கிறோம், ஆனால் முப்பத்தாறு வயதில் உங்கள் தம்பிக்கு வந்தது அது இல்லை, என்றார். அதைக் கேட்டபோது வந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை. ஆனால் தங்கள் வாசகர்களுக்கு இது அமெரிக்க எழுத்தைவிட அவசியமான செய்தி. தமிழ்நாட்டில் நடக்கும் கல்யாணங்களில் கால்வாசிக்கு மேல் சொந்தத்துக்குள் என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பே சொல்கிறது. குழந்தைக்கு மூளைக் கட்டி, உடம்பில் காப்பி நிறப் புள்ளிகள், அப்பா அம்மா சொந்தம், இந்த மூன்றும் சேர்ந்தால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியையே கட்டியின் மேல் ஏவிவிடும் மருந்துகள் அந்த வகைக் கட்டிக்கென்று தனியாக இருக்கின்றன. தேமல் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். வரன் முறிந்த செய்தி காதில் விழுந்ததும் யாரோ யோசனை சொல்லி, அவள் எனக்குத் தெரியாமல் ஒரு நிறுவனத்துக்கு எச்சிலை ஒரு குழாயில் துப்பி அனுப்பியிருக்கிறாள். இரண்டு மாதச் சம்பளத்தில் பாதி. 'இல்லை' என்று ஒரு காகிதம் கிடைத்தால் மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டலாம் என்று நினைத்திருக்கிறாள், பாவம். வந்தது முப்பது பக்க வண்ணப் புத்தகம். மூளைக் கட்டிக்கு 'சராசரியைவிட 1.3 மடங்கு' என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு அம்புக்குறி. பின் அட்டையில் பொடி எழுத்தில், ஐரோப்பிய வம்சாவளி மக்களிடம் நடந்த ஆய்வுகளின் அடிப்படையில் என்று போட்டிருந்தது. அது உண்மை. நான் மேலே சொன்ன 2017 ஆய்விலும் அந்த முப்பதாயிரம் பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர்தான். எந்த எழுத்து எந்த மக்களிடம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். அந்த 8ஆம் குரோமோசோம் 'ஜி' கிழக்காசிய மக்களிடம் அபூர்வம். மின்னசோட்டாக்காரரின் அளவுகோலை வைத்துக் கோவில்பட்டிப் பெண்ணுக்கு 1.3 என்று தசமப் புள்ளி வரைக்கும் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! ஜீனோம் இந்தியா திட்டத்தில் நம் மக்கள் பத்தாயிரம் பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அது ஒரு தொடக்கம். நோயாளிகளையும் சேர்த்து ஒப்பிட்டால்தான் நமக்கென்று எண் கிடைக்கும்.

அந்த ஆரஞ்சு அம்புக்குறிப் புத்தகத்தில் ஒன்று என் கண்ணில் பட்டது. குரோமோசோம்களின் நுனியில் டெலோமியர் என்று ஒரு காப்பு இருக்கிறது. பத்தமடைப் பாயின் ஓரம் பிரியாமல் மடித்துக் கட்டியிருப்பார்களே, அதுபோல. செல் ஒவ்வொரு தடவை பிரியும்போதும் கொஞ்சம் தேயும். இந்த ஓரக் கட்டு பிறவியிலேயே கொஞ்சம் நீளமாக அமைய வைக்கும் மாறுபாடுகளில் பலவும் க்ளையோமா ஆபத்தைக் கூட்டுபவை. 2009இல் கண்டுபிடித்த ஐந்தில் இரண்டு அப்படிப்பட்டவை. பாய் சீக்கிரம் பிரியாததால் செல் கூடுதல் காலம் பிரிந்துகொண்டே போய்ப் பிழை சேர்க்க அவகாசம் கிடைக்கிறது. ஆனால் அதே நீளமான ஓரக் கட்டு உள்ளவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் குறைவு என்று 2017இல் வந்த இன்னொரு ஆய்வு சொல்கிறது. புத்தகத்தில் மூளைப் பக்கத்தில் ஆரஞ்சு அம்பு, இதயப் பக்கத்தில் பச்சை அம்பு. நம் ஊரில் எத்தனை பேர் எதில் போகிறார்கள் என்று பார்த்தால் பச்சை அம்புக்குத்தான் வரதட்சிணையைக் குறைத்துக் கேட்க வேண்டும். தரகரிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை.

எனவே ஆசிரியர் அவர்களே, என் கோரிக்கை பெரிதில்லை. 'மடங்கு' என்று போடும் எந்த நோய்ச் செய்தியிலும், அதே அளவு எழுத்தில், எத்தனை பேரில் எத்தனை என்பதையும் போடுங்கள். 'ஆறு மடங்கு' என்று நாலு பத்தித் தலைப்பு போட இடம் இருந்தால், 'லட்சத்தில் ஒன்று ஆறாகிறது' என்பதற்கும் இடம் இருக்கும். தலைப்பு அவ்வளவு காரமாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் அந்தச் சொல். பெற்றோரிடமிருந்து வந்தது என்றால் 'பிறவி மாறுபாடு' என்றும், கட்டிக்குள் மட்டும் நடந்தது என்றால் 'கட்டியின் மரபணுக் கோளாறு' என்றும் எழுதலாமே. இதைவிட நல்ல சொல் தங்கள் அலுவலகத்தில் யாருக்காவது தோன்றினால் இன்னும் சந்தோஷம். இரண்டையும் ஒரே சொல்லில் எழுதுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

மருமகள் இந்தக் கடிதத்தைப் படித்தாள். "எழுதுங்க அத்தை, பேர் மட்டும் போட வேண்டாம்" என்றாள். அந்தச் சம்பந்தம் இனி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள், அது அவள் இஷ்டம். ஆனால் பையனின் பெரியப்பாவும் தங்கள் நாளிதழைத்தான் வாங்குகிறார் என்று தரகர் சொன்னார். முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு நேராக வாசகர் கடிதத்துக்குத்தான் வருவாராம். அதனால் இதை அறிவியல் பக்கத்தில் போடாமல் அங்கேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை,
கோவில்பட்டி.

(பெயரும் முகவரியும் தனித் தாளில் இணைத்திருக்கிறேன், வெளியிட வேண்டாம்.)